மரபணுவின் பெயரால் எங்கள் வீட்டுப் பெண்ணை ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுப்பழக்கத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சென்ற மாத இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையின் கடைசிப் பத்தியில், "குடியும் மனநோயும் உள்ள குடும்பத்தில் சம்பந்தம் வைப்பதற்கு முன் மரபணுச் சோதனை செய்துகொள்வது அறிவுடைமை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்தைப் படமெடுத்து, மாப்பிள்ளை வீட்டார் என் அண்ணன் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தம் அது. "அத்தை, இந்த டெஸ்ட் எங்கே எடுப்பாங்க?" என்று அவள் என்னிடம் கேட்டாள். முப்பத்தோர் ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அவளுக்குச் சொன்ன பதிலைத் தங்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு பெண்ணுக்கோ அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கோ குடிநோய் வருமா, மனநோய் வருமா என்று சொல்லக்கூடிய மரபணுச் சோதனை இன்று கிடையாது. மனச்சிதைவு நோயோடு தொடர்புடைய இடங்கள் என்று மரபணுத் தொகுதியில் 2014இல் 108 இடங்களைக் கண்டார்கள். 2022இல் அது 287 ஆயிற்று. அவற்றில் பெரும்பாலானவை நோய்க்கான வாய்ப்பைக் கடுகளவு கூட்டுபவை, நலமாக வாழும் கோடிக்கணக்கானவர்களிடமும் இருப்பவை. குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபு வழி வருகிறது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் கூறுவது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. பிறந்த பிள்ளையின் தலையில் பாதி விதி எழுதப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். அறிந்தும் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆசியர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாத மரபணு உண்டு என்று அதே கட்டுரை பொதுவாகச் சொல்லிச் செல்கிறது. அந்த மரபணு மாற்றம் ஜப்பான், சீனா, கொரியா நாடுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது. நம் பகுதி மக்களிடம் மிக அரிது. குடித்த மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. அந்த நஞ்சைச் சிதைப்பது ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி. இந்த மாற்றத்தால் அது சரிவர வேலை செய்யாதவர்களுக்கு ஒரு கோப்பையிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வந்துவிடும் என்பதால் அவர்கள் குடிநோயாளிகளாவது குறைவு. இந்த இடத்தோடு நிறுத்திவிட்ட கட்டுரையாளர், ஜப்பானில் அதற்குப் பிறகு தெரியவந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில், இந்த மாற்றத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் 1979இல் 2.5 விழுக்காடு, 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது குடிக்கும் சூழல். 2003இல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே எடுத்துக்கொண்ட மாநிலத்தில் வெளிவரும் ஒரு பத்திரிகை, குடியைப் பற்றி நான்கு பக்கம் எழுதும்போது கடையைப் பற்றி ஒரு வரி எழுதாமல் குருதியை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எங்கள் தந்தை குடித்தார். என் அண்ணனும் குடித்தார். எவ்வளவு உள்ளே போனாலும் அவர் தள்ளாடமாட்டார், நாக்கு குழறாது. கல்யாண வீடுகளில் அதையே ஒரு பெருமையாகச் சொல்லி, மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய்விடும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பார்கள். என் தம்பிக்கு அரை டம்ளரிலேயே தலைவலியும் வாந்தியும் வந்துவிடும். அவனைக் கேலி செய்வார்கள். அதே தாய் தந்தைக்குப் பிறந்த தம்பி இன்றுவரை குடிக்கு அடிமையாகவில்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் 1978 முதல் நடத்திய ஆய்வைப் பின்னாளில் படித்தபோதுதான் எங்கள் வீட்டில் நடந்தது எனக்குப் புரிந்தது. இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, அது அவர்களை எவ்வளவு பாதிக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில், மது எளிதில் ஏறாதவர்களில் 56 விழுக்காட்டினர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாக ஏறியவர்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 'எவ்வளவு குடித்தாலும் அசையமாட்டான்' என்று நாம் மெச்சுகிறோமே, அதுதான் அபாயத்தின் முதல் அறிகுறி. குடிப்பவர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளின் காதில் விழ வேண்டிய செய்தி இது. தங்கள் கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போயிற்று.

அந்தக் கட்டுரை முடியும் பக்கத்தின் எதிர்ப்பக்கத்தில், குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று ஒரு பொடிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற விளம்பரம் ஒன்றை வேறொரு பத்திரிகையில் பார்த்து, எங்கள் அம்மா பணவிடை அனுப்பிப் பொடியை வரவழைத்துச் சாம்பாரில் கலந்தார். அன்றிரவு குடித்துவிட்டு வந்த அண்ணன் முகமெல்லாம் சிவந்து, மூச்சு முட்டி, வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். ஜப்பானியர் பலரிடம் இயற்கையாக அமைந்த அந்த நொதிக்குறையை மாத்திரையால் உண்டாக்குவதுதான் டைசல்ஃபிராம். 1948இல் டென்மார்க்கில் இதன் குணம் தெரியவந்தது முதல் குடிநோய்க்கு நல்ல மருந்தாகவே பயன்படுகிறது. ஆனால் சாப்பிடுபவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து. இதயநோய் உள்ளவர் தெரியாமல் இதன்மேல் குடித்தால் உயிரே போகலாம். மனநோய் உள்ளவருக்குப் பிரமைகளையும் கிளப்பிவிடக்கூடும். அண்ணனுக்கு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய் இருந்தது, அது இன்னதென்று எங்களுக்குத் தெரியாமல். தான் செய்த காரியத்தை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. அண்ணனும் அதன்பின் பல ஆண்டுகள் வீட்டில் யார் சோறு போட்டாலும் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டார்.

குடிநோய்க்கும் மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற நோய்களுக்கும் மரபணு அளவில் பகிர்வு உண்டு என்று 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்து வருவது ஒழுக்கக்கேட்டினால் அல்ல என்பதற்கும், இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும் என்பதற்கும் அது சான்று. நாட்டில் நடப்பதோ வேறு. 2019இல் நாங்கள் அண்ணனைச் சேர்த்த போதை மறுவாழ்வு இல்லம் ஒன்றில், இங்கே எந்த மாத்திரைக்கும் அனுமதியில்லை என்று இருதுருவ மனநோய்க்காக அவர் சாப்பிட்டுவந்த லித்தியம் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பதினோராம் நாள் அவர் உறக்கமே இல்லாமல் பிதற்றத் தொடங்கியதும் அழைத்துப்போகச் சொன்னார்கள். அங்கிருந்து கொண்டுசென்ற தனியார் மனநல மருத்துவமனையில், முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். மதுப்பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோயே என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி நான் வரவேற்பறையில் நின்று வாதாடியது எந்தப் பயனையும் தரவில்லை. மூன்றாவதாகப் போன இடத்தில் ஓர் இளம் மருத்துவர் இரண்டு நோய்க்கும் சேர்த்து மருத்துவம் பார்த்ததால்தான், அண்ணன் இன்று ஐந்தாவது ஆண்டாகக் குடிக்காமல், இரவுதோறும் மாத்திரை போட்டுக்கொண்டு, கடை வேலைக்குப் போய்வருகிறார். மகளின் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி வருகிறார். அந்தப் பக்கத்தின் படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. எத்தனை நாள் மறைக்க முடியும் என்று தெரியவில்லை.

1990இல் அமெரிக்காவில் குடிக்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு செய்தி வந்தது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் புரதம் ஒன்றின் மரபணு அது. நான் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். தொடர்ந்து நடந்த பல ஆய்வுகளில் அந்த முடிவு உறுதிப்படவில்லை என்பதை எந்தத் தமிழ் இதழிலும் நான் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் குடிப்பவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அன்று அதைக் கேட்டுத் தலை குனிந்திருப்பார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்தத் தவறு தங்கள் இதழிலும் நடக்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அப்படிப்பட்ட சோதனை கிடையாது என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் பொடி விளம்பரத்தை நிறுத்துங்கள். விளம்பரம் இருந்த இடத்தில், அரசின் கட்டணமில்லா மனநல ஆலோசனை எண் 14416 என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். திருத்தம் வந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டிய முகவரி எங்களிடம் இருக்கிறது.

என் பெயரையும் ஊரின் பெயரையும் அண்ணன் மகளை முன்னிட்டு வெளியிடாதிருக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
தஞ்சை மாவட்டம்.