துலா மிதிக்க ஒரு கிராமம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வருடம் கனடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒன்ராறியோவில் மொறிஸ்பேர்க் பக்கம் உள்ள அப்பர் கனடா வில்லேஜுக்குக் கூட்டிப்போனார்கள். சென் லோரன்ஸ் ஆற்றில் கப்பல் பாதைக்கும் மின்சாரத்துக்குமாக 1958இல் பல ஊர்கள் நீரில் மூழ்கின, அங்கிருந்த பழைய கட்டடங்கள் சிலவற்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து 1961இல் திறந்த இடம் அது.

1860களின் உடுப்போடு ஆட்கள் உண்மையாகவே வேலை செய்கிறார்கள். கொல்லர் இரும்பை அடித்துக்கொண்டே நாம் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறார், பக்கத்தில் தண்ணீர் விசையில் மரம் அறுக்கும் ஆலை ஓடுகிறது. அங்கேயே சுட்ட பாணையும் வாங்கினோம். (விலையை ரூபாவில் கணக்குப் பார்க்கக் கூடாது!) போனையே பார்த்துக்கொண்டு வந்த பேரன் கொல்லர் பட்டறையை விட்டு நகரவே இல்லை.

அப்போதுதான் நம் ஊர் நினைவு வந்தது. கொழும்பு நூதனசாலை 1877இலிருந்து இருக்கிறது, நல்ல இடம்தான், ஆனால் கண்ணாடிக்குள் இருக்கிற பொருளிடம் பிள்ளை என்ன கேட்கும்? நாற்சார் வீடு, துலா மிதித்து இறைக்கும் கிணறு, பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்ப்பது, அப்புறம் மலையகத்து லயம், இதையெல்லாம் செய்தே காட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, கொழும்புப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், தமிழிலும் விளக்கம் சொல்கிற மாதிரி ஒன்றை யாராவது தொடங்குவார்களா?

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை.