பாதத்தில் போட்ட பேனாக் குறி

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எங்களைத் தாங்கி நின்ற அனைவருக்கும், நம் ஊராருக்கும் வணக்கம்.

என் தம்பியின் காலில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மீண்டும் எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. அவன் பிழைத்துவிட்டான், அவனுடைய வலது காலும் தப்பிவிட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொடையில் கயிற்றைக் கட்டலாம் என்று நாங்கள் பதறியபோது தடுத்து, தம் துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, வண்டி வரும்வரை கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்த சித்தப்பாவுக்கும், நத்தத்திலிருந்து கோரிப்பாளையத்திலுள்ள அந்த ஆஸ்பத்திரிவரை அவனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த 108 பணியாளர்களுக்கும், நள்ளிரவில் வந்து ரத்தம் கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கும், விடிய விடிய நின்று அறுவை செய்த மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்ட ஓர் இளம் செவிலியருக்காக.

ஈயக் குண்டுகள் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியைக் கிழித்திருந்தன. ரத்தம் போகாத கால் ஆறு மணி நேரத்துக்குமேல் தாங்குவது அரிது என்று மருத்துவர்கள் சொன்னபோது, ஏறத்தாழ நான்கு மணி நேரம் கடந்திருந்தது. மற்றக் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, அதிலுள்ள வால்வுகள் ரத்தத்தை மறிக்காதிருக்கத் தலைமாற்றி வைத்து, கிழிந்த இடத்தில் இணைத்துத் தைத்தார்கள். வீக்கம் தசையை நெரித்துவிடாமலிருக்கக் கெண்டைக்காலையும் கீறித் திறந்தே விட்டிருந்தார்கள். அந்தக் காலைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

இரவுப் பணியிலிருந்த அந்தச் செவிலியர் மணிக்கு ஒருமுறை வந்து, தம்பியின் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். என்ன பார்க்கிறார் என்று கேட்கவும் எனக்கு அச்சமாக இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துப் பாதத்தின் மேற்புறம் சிறிய பெருக்கல் குறி ஒன்று போட்டு, என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். “அழுத்தாதீங்கக்கா, சும்மா வைங்க” என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மிக மெல்லியதாக, ஒரு துடிப்பு. “இது இருக்குற வரைக்கும் காலுக்கு ரத்தம் போகுதுக்கா. தட்டுப்படலைன்னாலோ, கால் சில்லுன்னு ஆனாலோ உடனே என்னயக் கூப்பிடுங்க” என்றார்.

அவ்வளவுதான். அது அவருக்கு அரை நிமிட வேலையாக இருந்திருக்கலாம். கட்டிலோரம் அழுதுகொண்டு கிடந்த எனக்கு அன்று ஒரு வேலை கிடைத்தது. காயத்தைத் துடைக்கும்போது குறி அழிந்துபோனால், மறுநாள் இரவு அவரே மறுபடி போட்டார். நான்காம் நாள் குறியில்லாமலே என் விரல் அந்த இடத்துக்குப் போய்விட்டது.

எல்லாக் குண்டுகளையும் எடுக்கவில்லையே என்று கேட்கும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்களும் அப்படித்தான் கோபப்பட்டோம். தசைக்குள் அசையாமல் கிடப்பவற்றைத் தோண்டினால் கேடுதான் மிகும். மூட்டுக்குள் கிடந்தால் அங்குள்ள நீரில் ஈயம் மெல்லக் கரைந்து உடம்பில் ஏறும் என்பதால், மூட்டில் இருந்த இரண்டை மட்டும் எடுத்து, முத்திரையிட்டுக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். காயத்தை உடனே தைக்காமல் சில நாள் திறந்து வைத்ததும், உள்ளே அழுக்கும் செத்த தசையும் அடைபட்டுச் சீழ் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே. இதைப் பொறுமையாக விளக்கிய மருத்துவருக்கு எங்கள் நன்றியோடு, அன்று உரக்கப் பேசியதற்கான மன்னிப்பும்.

சித்தப்பா செய்ததை நம் ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் நான் கற்றுக்கொடுக்கப் போகிறேன். காட்டுப்பன்றிக்கு என்று சொல்லி நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கும் போய்ப் பேசுவேன். யார் முகம் சுளித்தாலும் பேசுவேன்.

நாங்கள் வீடு திரும்பிய நாளில் அந்தச் செவிலியர் பணியில் இல்லை. வரும் வியாழக்கிழமை காயத்தைக் காட்ட வருகிறோம். தங்கையே, இதைப் படித்தால், அன்று காலை வார்டு வாசலில் காத்திருப்போம். தம்பி ஊன்றுகோலுடன் நடந்து வருவான்.