கழுத்தில்லாத தோட்டா

மேரிஸ்வில், ஒஹாயோ
15 டிசம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "மான் அடிக்கப் போனியாமே, என்ன துப்பாக்கிடா, என்ன தோட்டா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. தூங்கப் போயிருப்பீர்கள். போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இது திருட்டு வேட்டை இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு உங்கள் வேட்டைக் கதைகள் நின்றுபோயின. இங்கே அரசாங்கமே தேதி குறித்து, பெர்மிட் விற்று, மானைச் சுடச் சொல்கிறது. இத்தனைக்கும் 1904 வாக்கில் இந்த மாநிலத்தில் ஒரு மான்கூட மிச்சமில்லையாம். சுட்டே தீர்த்திருக்கிறார்கள். பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, காத்து வளர்த்து, 1943ல் மூன்றே மாவட்டங்களில் துப்பாக்கி வேட்டையைத் திறந்தார்கள். இப்போது 88 மாவட்டங்களிலும் மான்தான். பிடித்துத் தின்ன ஓநாய் கிடையாது, தின்று கொழுக்க மக்காச்சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. இரவு வேலை முடிந்து கார் ஓட்டி வரும்போது சாலையோரம் பச்சையாக மினுங்கும் கண்களைப் பார்த்து நானே எத்தனையோ முறை பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறேன்.

பதிமூன்று வருஷம் காத்திருந்து போன வருஷம் கிரீன் கார்டு வந்தது உங்களுக்குத் தெரியும். அதனால் துப்பாக்கி வாங்கலாம். கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். அதை நிரப்பினால் கடைக்காரர் அங்கேயே நின்று மத்திய அரசின் குற்றப் பதிவுகளைச் சரிபார்க்கச் சொல்வார். கார்டு எண்ணையும் அதில் எழுத வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவன் பொதுவாகத் துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தொடலாம். வாக்களிக்க முடியாதவனுக்கு இப்படி ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். லைசென்ஸ் வாங்குவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். என் பக்கத்து இருக்கையில் பத்து வயதுப் பையன். எனக்கு முன்னால் எழுதி முடித்துவிட்டு எழுந்து போனான்.

இனி துப்பாக்கி. கடைக்குப் போய், மானுக்கு நல்ல ரைபிள் வேண்டும் என்று கேட்டேன். .30-06 என்று படித்து வைத்திருந்தேன், அமெரிக்கா முழுவதும் நூறு வருஷத்துக்கு மேலாக மான் அடித்த தோட்டா அது. கடைக்காரர் சிரித்துவிட்டு, "இங்கே மானுக்கு அது ஆகாது" என்றார். பிறகு இரண்டு தோட்டாக்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் நிறுத்தினார். ஒன்றுக்கு பாட்டில் மாதிரி தோள் இருந்தது, தோளுக்கு மேல் ஒடுங்கிய கழுத்து. இன்னொன்று பேனா மூடி மாதிரி, அடியிலிருந்து வாய் வரை ஏறக்குறைய ஒரே பருமன். "கழுத்து இருந்தால் கூடாது, இல்லாவிட்டால் சரி" என்றார். சட்டம் இவ்வளவுதானா என்று நினைத்தேன். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கழுத்து எதற்கு என்றால், பெரிய உறை நிறைய வெடிமருந்தைப் போட்டு, சின்னக் குண்டைத் தள்ளத்தான். வேகம் விநாடிக்கு மூவாயிரம் அடியை நெருங்கிவிடும், தவறிய குண்டு மைல்கணக்கில் போகும். ஒஹாயோவின் இந்தப் பகுதி மேஜை மாதிரி தட்டை. அறுவடை முடிந்த வயலில் குண்டைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. அரை மைலுக்கு ஒரு வீடு, மாட்டுக் கொட்டகை, பள்ளிப் பேருந்து போகும் சாலை. அதனால் நெடுங்காலம், குண்டு அவ்வளவு தூரம் போகாத ஷாட்கன்னும், குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கியும்தான் இங்கே மானுக்கு. கழுத்தில்லாத தோட்டா, அதாவது நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைபிளை 2014ல்தான் அனுமதித்தார்கள். குண்டின் குறுக்களவு .357 அங்குலத்திலிருந்து .50 வரை இருக்கலாம். துப்பாக்கியின் சுடும் அறையிலும் மேகஸினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. பழைய சினிமாக்களில் கௌபாய்கள் தூக்கித் திரியும் .30-30 இருக்கிறதே, அதன் கழுத்து லேசாகத்தான் ஒடுங்கியிருக்கும், குண்டும் சின்னது, அதுவும் கூடாது. வடக்கே மிச்சிகனில் தெற்குப் பகுதிக்கு இன்னும் கறாராக, உறையின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் என்று அளவுகோல் வைத்தார்கள்.

இதில் எனக்கு இன்னும் செரிக்காத ஒன்று. மான் வாரம் இல்லாத நாட்களில் அதே வயலில், அதே .30-06ஆல் கயோட்டியை, நம் நரி மாதிரி ஒரு மிருகம், சுடலாம். மானுக்கு மட்டும் கூடாது. மான் வாரத்தில் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் துப்பாக்கியோடு வயலில் இறங்குவதுதான் காரணமாக இருக்கும். இன்னொரு பக்கம், பென்சில்வேனியாவில் சட்டமன்றம் கேட்டு 2007ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. தரையோடு தரையாகச் சுட்டால் ஷாட்கன் குண்டு நிலத்தில் பட்டுத் தெறித்து ஓடும், அந்தத் தூரத்தையும் கணக்கில் எடுத்தால் அது ரைபிளைவிடப் பாதுகாப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறது அது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. என்ன தோட்டா என்பதைவிட, எந்த உயரத்திலிருந்து எந்தப் பக்கம் சுடுகிறாய் என்பதுதான் பெரிது.

உங்கள் 12 போர் ஷாட்கன் இங்கே செல்லும். ஆனால் நீங்கள் அந்தக் காலத்தில் பன்றிக்குப் போட்ட, பல குண்டு அடைத்த எல்.ஜி. தோட்டா செல்லாது. மானுக்குக் குழல் ஒன்றுக்கு ஒரே குண்டு, பல குண்டு சிதறுகிற எதுவும் கூடாது. ஸ்லக் என்று விற்கிறார்கள், ஓர் அவுன்ஸ் ஈயம் ஒரே கட்டியாக இருக்கும். முதலில் செலவு வேண்டாம் என்று ஆலையில் கூட வேலை செய்பவரிடம் ஒரு 12 போர் கடன் வாங்கினேன். இங்குதான் என் முட்டாள்தனம். கடையில் விலை உயர்ந்ததாகப் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் குண்டு வைத்த சாபட் ஸ்லக்கை வாங்கிப் போனேன். ஐம்பது கஜத்தில் காகிதம் மாட்டி ஐந்து சுட்டேன். இரண்டு காகிதத்திலேயே இல்லை. ஒன்று பட்டிருந்தது, ஆனால் வட்டத் துளை இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தது. குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் அடித்திருக்கிறது. துப்பாக்கியைக் கடன் தந்தவர் வந்து பார்த்துவிட்டு, "குழலுக்குள் விரலை விட்டுப் பார்" என்றார். வழவழவென்று இருந்தது. சாபட் ஸ்லக்குக்கு உள்ளே புரி வெட்டிய குழல் வேண்டும், வழவழப்பான குழலுக்குக் குண்டின் மேலேயே வரி போட்ட ஸ்லக். பெட்டியில் அச்சடித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்று தோள் வீங்கியதுதான் மிச்சம். இரண்டு நாள் சீட் பெல்ட் படும்போதெல்லாம் முனகினேன்.

அதன் பிறகுதான் நேர்ச்சுவர் ரைபிள் பக்கம் திரும்பினேன். .45-70 மேல் எனக்கு ஆசை, ஒளிக்க மாட்டேன். 1873ல் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த தோட்டா, கட்டைவிரல் பருமன், கையில் வைத்தாலே உங்கள் காலத்துச் சாமான் மாதிரி இருக்கிறது. .450 புஷ்மாஸ்டரும் பார்த்தேன். 250 கிரெயின், அதாவது பதினாறு கிராம் குண்டை விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் தள்ளும். மான் விழும், கூடவே நானும் விழுவேன். ஆலையில் அதை வைத்திருக்கிறவர்கள் நல்ல தோட்டா என்று சத்தியம் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் இருவர் சுடும்போது கண்ணை மூடுவதை நானே பார்த்தேன்.

கடைசியில் எடுத்தது .350 லெஜண்ட், போல்ட் இழுத்துச் சுடுகிற ரைபிள். 2019ல் வின்செஸ்டர் கொண்டுவந்தது, இந்த மாதிரிச் சட்டங்களை மனதில் வைத்தே செய்த தோட்டா. 150 கிரெயின் குண்டு, அதாவது பத்து கிராம்கூட இல்லை, விநாடிக்கு 2,300 அடி சொச்சம். உதை அவ்வளவு மென்மை, உங்கள் மருமகளே இருபது சுட்டாள், என்னைவிட நன்றாகவும் சுட்டாள். நூறு கஜத்துக்குத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்திருக்கிறேன், இருநூறில் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் இறங்கிவிடும். நான் இருநூறுக்குச் சுடப்போவதில்லை. சாப்பாட்டுத் தட்டில் பத்துக்குப் பத்தும் பட்டது நூற்றிருபது கஜம் வரைக்கும்தான், அதுதான் என் எல்லை. குண்டிலும் ஈயம் வேண்டாமென்று முழுச் செப்பு வாங்கினேன். ஈயம் உடைந்து பொடிப்பொடியாகக் கறிக்குள் போய்விடும், நம் வீட்டில் சாப்பிடுவது குழந்தைகள்.

இடம் கிடைத்தது ஒரு விவசாயியின் புண்ணியத்தில். எழுபதைத் தாண்டியவர், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி. தனியார் நிலமென்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், டிராக்டர் பானெட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அவருடைய மரத்தில் ஏணி வைத்த பரண் இருக்கிறது. மேலிருந்து கீழே சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும். அதற்காகவே அந்தப் பரண். 

துப்பாக்கி வாரம் டிசம்பர் 2 முதல் 8 வரை. இந்த மாதத்தில் ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன், அதற்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலங்கி கட்டாயம், கோயில் திருவிழாவுக்குக் காவி கட்டிப் போகிறவன் மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெரிய கொம்பன் வந்தது. வயல் வரப்பின்மேல் ஏறி நின்றது, பின்னால் வெறும் வானம். போல்ட்டைத் தொடவேயில்லை. அது ஐந்து நிமிஷம் நின்று, என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே குளிர். ஒரு பெட்டை தனியாக ஓடைக்கரையில் இறங்கியது. எழுபது கஜம், பின்னால் கரைமண். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்தேன். நாற்பதடி ஓடி மக்காச்சோளத் தாளுக்குள் படுத்துவிட்டது. போல்ட்டை இழுத்ததும் காலி உறை பரண் பலகையில் விழுந்து உருண்டது. எடுத்தபோது கையுறை வழியாகவும் சூடு தெரிந்தது. அரை மணி நேரம் நான் இறங்கவில்லை. உடனே இறங்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்ததும் ஒரு காரணம், கால் நடுங்கியது இன்னொரு காரணம்.

மறுநாள் நண்பகலுக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் தர வேண்டும், போனிலேயே கொடுத்துவிட்டேன். 21, 22 தேதிகளில் இன்னும் ஒரு வாரக்கடைசி துப்பாக்கி வேட்டை இருக்கிறது. ஃப்ரீசரில் இடமில்லை, போகாதே என்று உங்கள் மருமகள் சொல்லிவிட்டாள்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த உங்கள் துப்பாக்கி திரும்பி வந்துவிட்டதா? உங்கள் இரட்டைக் குழலைப் பற்றி விவசாயியிடம் சொன்னேன், எந்தத் தயாரிப்பு என்று துருவித் துருவிக் கேட்கிறார். குழலைக் கழற்றினால் அடியில் முத்திரை இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, அப்படியே ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்