வாட்ச் மாற்றப்போகும் மகளுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். ஓடும்போது கட்டும் கார்மின் வாட்ச்சை விட்டுவிட்டு கோரோஸ் கம்பெனியுடையது வாங்கலாமா, சூன்டோ வாங்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். பேச்சு பாதியில் நின்றுபோனது. கோர்வையாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் நீ கையில் கட்டியிருப்பது ஒரு அளவைக் கருவி. கருவி மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்பது சர்வேயில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். செயின் இழுத்து அளந்த காலத்தில், இழுக்க இழுக்க வளையங்கள் வாய் திறந்து செயின் நீண்டுபோகும். நீண்ட செயினால் அளந்தால் நிலத்தின் நீளம் குறைவாக வரும். அதனால் நிலையாகக் குறித்து வைத்த நீளத்தின் மேல் செயினைப் போட்டு அடிக்கடி சரிபார்ப்போம். புதுச் செயின் வந்தால், பழையதால் அளந்த அதே கோட்டை அதனாலும் அளந்து, வித்தியாசம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டுதான் அடுத்த புலத்துக்குப் போவோம். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். எந்தக் கம்பெனி வாங்கினாலும் சரி, மூன்று நான்கு வாரம் இரண்டையும் கட்டிக்கொண்டு ஓடு. பழைய வாட்ச்சின் பேட்டரி நீண்ட ஓட்டத்துக்குத் தாங்கவில்லை என்றாய். காலை ஒரு மணி நேரத்துக்குத் தாங்கினால் போதும்.

ஏன் சொல்கிறேன் என்றால், வாட்ச் காட்டும் எண்களில் பாதி அளந்தவை, பாதி கணக்குப் போட்டவை. தூரம், நேரம், இதயத் துடிப்பு இவை அளவு. விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பது), ட்ரெயினிங் லோடு (பயிற்சிச் சுமை), ரெக்கவரி (களைப்பு தீர ஆகும் நேரம்) இவை ஒவ்வொரு கம்பெனியும் தன் சூத்திரத்தில் போடும் கணக்கு. கார்மினின் கணக்கு பின்லாந்திலுள்ள பர்ஸ்ட்பீட் நிறுவனத்திலிருந்து வந்தது. 2020-இல் அந்தக் கணக்குகளைச் செய்யும் பர்ஸ்ட்பீட் அனலிட்டிக்ஸ் பிரிவைக் கார்மின் வாங்கிவிட்டது. புது வாட்ச்சில் விஓ2 மேக்ஸ் இரண்டு மூன்று குறைந்து தெரிந்தால் உன் உடம்பில் எதுவும் குறைந்துவிடவில்லை. அது உன்னைப் பழகிக்கொள்ளவே சில வாரம் ஆகும். மாரத்தானுக்குத் தயாராகும் நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்துவிடாதே.

இப்போது ஜி.பி.எஸ். சிக்னல் வானத்திலிருந்து நேராக வந்தால் பிரச்சினையே இல்லை. கட்டடத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் சுற்று வழியில் வருவதால், வாட்ச் உன்னை வேறு இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பழைய வாட்ச்சுகள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைக் கேட்கின்றன. புதியவற்றில் பல எல்5-ஐயும் சேர்த்துக் கேட்கும். எல்5-இல் வரும் குறியீடு 10 மடங்கு வேகமாகத் துடிப்பதால் நேரே வந்தது எது, பட்டுத் திரும்பியது எது என்று பிரித்தறிவது அதற்கு எளிது. பெங்களூரில் உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஓடுகிறவள் நீ. அதனால் இரட்டை அலைவரிசை கட்டாயம் இருக்கட்டும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

பக்கத்து வீட்டுப் பையனிடம் அப்படிப்பட்ட வாட்ச் ஒன்று இருக்கிறது. அதை வாங்கி வலது கையிலும், நீ எனக்குக் கொடுத்ததை இடது கையிலும் கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். வெட்டவெளியில் இரண்டும் ஒரே கோடு. அகழிக் கரையில் மரங்களுக்கு அடியில் நடந்த இடத்தில் மட்டும் என் வாட்ச்சின் கோடு தண்ணீருக்குள் இறங்கி ஏறியிருந்தது. பையனுடையது கரையை விட்டு நகரவில்லை.

ஜி.பி.எஸ். போலவே நம் நாடு வைத்திருக்கும் நாவிக்கையும் உன் வாட்ச் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். முந்தைய நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் பேசின. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்-01 தான் எல்1-ஐயும் சேர்த்துக்கொண்டது. கையில் கட்டும் சின்னக் கருவிகளுக்கு இது பெரிய வசதி. வாங்கும்போது கேட்டுப் பார், இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதே.

ஒப்பிடும்போது இரண்டிலும் பதிவு ஒரு வினாடிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள். கார்மினில் ஸ்மார்ட் ரெக்கார்டிங் என்று ஒன்று உண்டு. அதில் இடைவெளி விட்டு விட்டுத்தான் புள்ளி வைக்கும். வளைந்த எல்லையை அளக்கும்போது நாங்கள் நெருக்கி நெருக்கி ஆஃப்செட், அதாவது நேர்கோட்டிலிருந்து எல்லை வரை பக்கவாட்டு அளவு, எடுப்போம். ஆஃப்செட் குறைந்தால் படத்தில் வளைவு நேராகிவிடும், நீளமும் குறைந்துவிடும். பாலமதி மலைச்சாலையில் ஓடினால் அந்த வித்தியாசம் உனக்கே தெரியும். பெங்களூரில் ஒப்பிட்டுப் பார்க்க 400 மீட்டர் ட்ராக் கிடைத்தால் நல்லது. முதல் லேனில் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால்தான் அந்த 400, இதை மறக்காதே.

இன்னொன்று முக்கியம். போன மாரத்தானில் 42.195 கிலோமீட்டருக்குப் பதில் வாட்ச் 42.6 காட்டியது, பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று கோபப்பட்டாய். சான்று பெற்ற பாதையைச் சைக்கிள் சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் பொருத்தி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைப்பார்கள். முழு மாரத்தானில் அது 42 மீட்டர். நீ வளைவுகளில் அகலமாக ஓடுகிறாய், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறாய், ஜி.பி.எஸ்.ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. 4 மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 வினாடி. வாட்ச்சை மட்டும் நம்பி அந்த வேகத்தில் போனால், அது 42.195 காட்டும்போது உனக்கு இன்னும் 400 மீட்டர் பாக்கி இருக்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போய்விடும். புது வாட்ச்சிலும் இது மாறாது. அதனால் ஒவ்வொரு பகுதியின் நேரத்தையும் தனியாகக் குறிக்கும் லேப் பட்டனைக் கையால் அழுத்தும் வசதி எளிதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கிலோமீட்டர் பலகை வரும்போதெல்லாம் அழுத்து. வியர்வைக் கையில் தொடுதிரை தகராறு செய்யும். பட்டன் உள்ளதே நல்லது.

இதயத் துடிப்பை எடுக்கும் உன் மார்புப் பட்டையையும் எடுத்துப் பார். அது ஆன்ட் பிளஸ் என்ற வயர்லெஸ் முறையில் மட்டும் பேசுகிற பழைய மாடலாக இருந்தால் கோரோஸ் பேஸ் 3, சூன்டோவின் புது மாடல்கள் போன்றவற்றோடு சேராது, அவை ப்ளூடூத்தில் மட்டும்தான் இணையும். பட்டையும் புதிதாக வாங்க வேண்டுமென்றால் அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் போட்டுத் துடிப்பை எடுப்பது மெதுவான ஓட்டத்துக்குச் சரி. நீ வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி இன்டர்வெல் ஓடும்போது அது பின்தங்கும்.

பழைய பதிவுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வாட்ச்சை யாருக்காவது கொடுப்பதற்கு முன்பும், அக்கவுன்ட்டை மூடுவதற்கு முன்பும் கார்மின் தளத்தில் எல்லாத் தரவையும் கேட்டு வாங்கிவிடு. மெயிலில் லிங்க் வரும். அதில் உள்ள எஃப்.ஐ.டி ஃபைல்கள், வாட்ச் பதிந்தவை, அவைதான் மூலம், அவற்றை ஜி.பி.எக்ஸ். என்ற பொது வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதே. ஜி.பி.எக்ஸ்.ஸில் பாதையும் நேரமும் உயரமும் இருக்கும், மற்றதெல்லாம் ஒட்டுப்போட்டதுதான். ஓட்டங்களைப் புது ஆப் ஏற்றுக்கொண்டாலும் தூக்கம், எச்.ஆர்.வி (துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாடு) எல்லாம் பெரும்பாலும் கூட வராது. ஓட்டங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ராவா ஆப்பில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருப்பது நல்ல யோசனை. ஆனால் இரண்டு வாட்ச் கட்டும் வாரங்களில் ஒன்றை மட்டும் அதோடு இணைத்து வை, இல்லாவிட்டால் ஒரே ஓட்டம் இரண்டு தடவை ஏறிவிடக்கூடும். எங்கள் ஆபீஸில் செயினின் வளையக் கணக்கான பழைய லிங்க்ஸ் அளவில் எழுதிய புலப்படங்கள் (நிலத்தின் அளவுப் படங்கள்) மீட்டர் வந்த பிறகும் பத்திரமாக இருந்தன. நிலத் தகராறு வந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான். நீ ஓட ஆரம்பித்த வருஷத்து எண்கள் பிற்பாடு உனக்குத் தேவைப்படும், கண்ணு.

உயரம் பார்க்க காற்றழுத்தமானி உள்ள மாடல் எடு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறப்போகிறேன் என்கிறாய், ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பினால் ஏற்றக் கணக்கு தாறுமாறாக வரும். தரையருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு மில்லிபார் குறையும், அதை வைத்துத்தான் அது உயரத்தைச் சொல்கிறது. மழை மேகம் வந்து அழுத்தம் இறங்கினால் நீ உட்கார்ந்த இடத்திலேயே மலையேறியதாகக் காட்டும். ஆகவே தெரிந்த உயரத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும். காட்பாடி ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ரயிலை விட்டு இறங்கியதும் அந்த எண்ணை வாட்ச்சில் போட்டுவிடு.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால், வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேள். கொஞ்சம் கூடுதலானாலும் இங்கேயே பில்லோடு வாங்குவது எனக்கு நிம்மதி. உன் மணிக்கட்டு மெலிசு, பெரிய டயல் ஆடிக்கொண்டிருந்தால் துடிப்பும் சரியாக வராது. கடையில் கட்டிப் பார்க்காமல் வாங்காதே.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு வாட்ச்சையும், அதனதன் சார்ஜரையும் எடுத்து வா. ஒன்றின் கேபிள் மற்றதுக்குச் சேராது. என் பழைய ஸ்டீல் டேப் வீட்டில்தான் இருக்கிறது. வெட்டவெளி ரோட்டில் ஒரு நேர்கோட்டை அளந்து சுண்ணாம்பு போட்டு வைக்கிறேன், நீ போய்த் திரும்பி ஓடிக் காட்டு. அம்மா இலவம்பாடி முள் கத்தரிக்காய் வாங்கிக் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். மாடல் பெயரை மட்டும் முன்கூட்டியே அம்மா போனுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா