கிளிக்கு எதற்குச் சிவப்புத் தீனி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் பறவைகளின் நிறம் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் தொடங்கியது. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறத்தில் பொரிந்து, பிறகு தின்னும் பாசியால் இளஞ்சிவப்பாகிறது என்பது சரி. எங்கள் நாட்டில் கிம்பர்லிக்கு அருகே காம்ஃபர்ஸ் அணையில் ஆயிரக்கணக்கில் கூடிவந்த சிறிய பூநாரைகளுக்கும் அதே கதைதான். ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில், எல்லாப் பறவைக்கும் நிறம் தீனியிலிருந்தே வருகிறது, வீட்டுக் கிளிக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் கொடுத்தால் நிறம் ஏறும் என்று முடித்துவிட்டீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பீட்ரூட்டை எடுத்து வைத்துவிடலாம். அதன் சிவப்பு, தீனி வழியாக இறகுக்கு மஞ்சளும் சிவப்பும் தரும் கரோட்டினாய்டு என்ற நிறமியே அல்ல. எந்தப் பறவையின் இறகுக்கும் அது உதவாது. கேரட்டில் இருப்பது கரோட்டினாய்டு. பறவைகளால் அதைத் தாமாக உண்டாக்க முடியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும். கூண்டில் வளர்க்கும் கனாரிக் குருவியின் மஞ்சள் அப்படி வந்ததுதான். ஆனாலும் சிவப்பாவதற்குச் சிவப்பாகத் தின்ன வேண்டும் என்று இல்லை. கோடை வந்தால் இங்கே நாணல் புதர்களில் ரெட் பிஷப் குருவியின் ஆண் நெருப்புத் துண்டுபோலச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது தின்பதோ பெரும்பாலும் புல் விதை. தீனியில் கிடைக்கும் மஞ்சளைச் சிவப்பாக மாற்றும் வேலை பறவையின் உடம்புக்குள் நடக்கிறது. அதற்கான மரபணுவைக் கனாரியிலும் ஸீப்ரா ஃபிஞ்ச் குருவியிலும் 2016ல்தான் கண்டுபிடித்தார்கள். சாதாரணக் கனாரிக்கு அந்த வேலை இறகில் நடப்பதில்லை. அதனால்தான் வளர்ப்பவர்கள் அதைத் தென் அமெரிக்காவின் ரெட் சிஸ்கின் குருவியோடு இணைசேர்த்துச் சிவப்புக் கனாரியை உருவாக்கினார்கள்.

கிளி இனத்தின் சங்கதியே வேறு. கிளியின் மஞ்சளும் சிவப்பும் சிட்டாகோஃபுல்வின் என்ற நிறமியால் வருபவை. வேறு எந்தப் பறவையிலும் அது கிடையாது. தீனியிலிருந்து எடுக்காமல், இறகு முளைக்கும் இடத்திலேயே கிளி அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கிளியின் ரத்தத்திலும் கரோட்டினாய்டு ஓடத்தான் செய்கிறது. ஆனால் இறகுக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. என் பக்கத்து வீட்டு அண்ணன் தம் பட்ஜிகளுக்கு (தமிழ்நாட்டில் லவ் பேர்ட்ஸ் என்பீர்கள்) கடைக்காரர் பேச்சை நம்பி, நிறம் ஏற்றும் பொடியை முட்டைத் தீனியில் கலந்து ஒரு பருவம் முழுக்கக் கொடுத்தார். எச்சம் ஆரஞ்சு நிறத்தில் விழுந்ததுதான் மிச்சம். கேரட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் தினையும் விதையுமாகத் தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை வரும். அதற்குக் கேரட் நல்லதுதான்.

பட்ஜியின் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். அதில் பச்சை நிறமியே இல்லை. இறகு ஆகியிருக்கும் கெரட்டின் என்ற புரதத்துக்குள் இருக்கும் நுண்துளைகள் நீல ஒளியை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. மேலே மஞ்சள் நிறமி இருப்பதால் இரண்டும் சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. மஞ்சளை நீக்கிவிட்டால் நீலப் பட்ஜி. அந்த நீக்கம் ஒரே மரபணுவில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வந்தது என்று 2017ல் நிறுவியிருக்கிறார்கள். இதைத் தீனி கொடுத்து எப்படிச் சரிக்கட்டுவது?

மயில் நீலமும் சாயம் அல்ல. எங்கள் ஊரில் தைப்பூசத்துக்குக் காவடி கட்டும்போது உதிரும் பீலியில் ஒன்றை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நீலமும் பச்சையும் ஓடிப்போய் வெறும் பழுப்பு நிற இழைகள் தெரியும். அந்தப் பழுப்புதான் மெலனின், நம் தலைமுடியில் இருக்கும் அதே நிறமி. நுண்ணிய மெலனின் குச்சிகள் அடுக்கியிருக்கும் இடைவெளியைப் பொறுத்து பீலியின் ஒரு கண்ணுக்குள்ளேயே இத்தனை நிறம். பிள்ளைகள் கையில் கொடுத்துச் செய்துகாட்ட இதைவிடச் சுலபமான பாடம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கட்டுரையில் மயிலுக்குக் கிடைத்தது அரை வரி.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் துராக்கோ என்ற பறவை. நாங்கள் லூரி என்போம், சுலு மக்கள் இக்வாலக்வாலா என்பார்கள். டர்பனைச் சுற்றிய கடலோரக் காடுகளில் ஊதாக் கொண்டையுள்ள வகை உண்டு. கிளையில் உட்கார்ந்திருக்கும்போது இலையோடு இலையாக இருக்கும். பறக்க எழுந்தால் சிறகுக்குள்ளிருந்து ரத்தச் சிவப்பு விரியும். அந்தச் சிவப்பு கரோட்டினாய்டு அல்ல, துராசின் என்ற நிறமி. அதில் ஏறத்தாழ 7 சதவீதம் செம்பு. ஆர்தர் சர்ச் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1869ல் இதை வெளியிட்டார். அந்தப் பறவையின் பச்சையும் பெரும்பாலான பறவைகளைப் போல ஒளியின் வேலை அல்ல, அசல் பச்சை நிறமி. மழையில் நனைந்தால் லூரியின் சாயம் போய்விடும் என்று இங்கே சொல்பவர்கள் உண்டு. துராசின் கரைவது காரம் கலந்த நீரில். மழைத் தண்ணீருக்கு அந்தச் சக்தி இல்லை.

அடுத்த இதழில் கிளி பற்றிய வரிக்கு மட்டுமாவது திருத்தம் போடுங்கள். கூடவே வாசகர்களுக்கு ஒரு குறிப்பும் சேர்த்துவிடலாம்: டப்பாவில் கான்தாசாந்தின் (ஒரு சிவப்புக் கரோட்டினாய்டு) என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பொடி சிவப்புக் கனாரிக்கானது. அதற்கும் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் வாரங்களில் கொடுத்தால்தான் பலன். முளைத்து முடிந்த இறகில் ரத்த ஓட்டம் கிடையாது.

இப்படிக்கு,
கூண்டுப் பறவை வளர்க்கும் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.