மருந்தடிக்கிற எஞ்சினை மறுபடி இழுக்க வைத்தவர்களுக்கு நன்றி

கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்தடிக்க வைத்திருந்த பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் மறுபடி ஓடுகிறது. வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து அய்யன் வாங்கி வந்தது. ஐந்து குதிரைத்திறன்தான். அவர் போன பிறகு மூலையில் கிடந்ததை எழுப்பிக் கொடுத்தவர்களுக்கு நாலு பேர் பார்க்க நன்றி சொல்லிவிட வேண்டும். நேரில் ஆரம்பித்தால், "அட விடுங், இதெல்லாம் ஒரு வேலையா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

முதலில் பொள்ளாச்சி மெக்கானிக் மாமாவுக்கு. கயிற்றை இழுத்தால் கப்பி சுற்றும், எஞ்சின் அசையாது. ஸ்பிரிங் போச்சு, எஞ்சின் சிக்கிக்கொண்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா கயிறும் கப்பியும் ஸ்பிரிங்கும் உட்கார்ந்திருக்கிற ஸ்டார்டர் மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது இந்த எஞ்சின் மூடியே இல்லீங்" என்றார். எங்கள் எஞ்சினில் பிளைவீலை, அதாவது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தை, இறுக்கிப் பிடிக்கிற நட்டேதான் கயிற்றின் இழுப்பை எஞ்சினுக்குக் கொடுக்கிற கிளச்சும். உள்ளே இரும்புக் குண்டுகள் இருக்கும், நடுவிலிருந்து ஒரு சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கப்பியின் சதுரத் துளை அதில் உட்கார்ந்து திருக வேண்டும். மாட்டியிருந்த மூடியோ நாக்கு வகை. இழுத்ததும் நாக்கு வெளியே வந்து பிளைவீல் மேலுள்ள கிண்ணத்தைக் கவ்வும். கிண்ணமே இல்லாத எஞ்சினில் அது எதைக் கவ்வும்? எப்போதோ ரிப்பேருக்குப் போன இடத்தில் மாறியிருக்கும்போல. தண்டு இடிக்காமலிருக்க வாஷர் கொடுத்துத் தூக்கி வேறு மாட்டியிருந்தார்கள்.

அடுத்து குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை லேத்கார அண்ணனுக்கு. இவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன், வேலை செய்ய மறுத்ததற்காக. 1937-லேயே இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்த கோயமுத்தூரில் ஒரு கிண்ணம் கடைந்து தர ஆளில்லையா என்று போய் நின்றேன். பிளைவீலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்துக்கு மேல போற வீலுங்ணா. கிண்ணம் துளி கோணினாலும் நாக்கு தெறிக்கும். நான் காசு வாங்கிட்டுக் கடைஞ்சு தந்துருவேன், நீங்க பக்கத்துல நின்னு இழுப்பீங்க. சரியான மூடியத் தேடிப் பாருங்" என்றார். சதுரத் தண்டின் நுனியில் இருந்த பிசிறை மட்டும் அரம் போட்டு எடுத்துவிட்டார். அதற்கும் காசு வாங்கவில்லை.

சரியான மூடி கிடைத்தது உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில். துருப்பிடித்து, போல்ட் மாட்டுகிற ஒரு காது விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் எடைக்கே போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊர் கேஸ் வெல்டிங் தம்பி பித்தளை வைத்துக் காதை ஒட்டினான்.

ஸ்பிரிங் ஏற்றியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். முக்கால் அங்குலச் சதுரத்தில் ஒரு மரக்குச்சி செதுக்கினார் மாமா. அதைக் கப்பித் துளையில் சொருகி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டே போனார். ஸ்பிரிங் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இழுபட்டு, கடைசி முனை அங்கிருந்த வெட்டில் மாட்டிக்கொண்டது. முழுசாக இறுகியதும் ஒரு சுற்று பின்னால் விட்டு, கப்பியின் கயிற்றுத் துளையும் மூடியின் துளையும் நேர்கோட்டில் வந்தபோது ஆணி சொருகி நிறுத்தினார். அப்புறம்தான் கயிறு. அது நைலான், நுனியைத் தீயில் உருக்கி முடிச்சுப் போட்டது. இவ்வளவு நேரமும் கையுறை போட்ட கை அசையவில்லை. அந்த ஸ்பிரிங் நழுவினால் விரலைக் கிழித்துவிடும். கிளச்சைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தார், குண்டுகளுக்கு எண்ணெய் காட்டவே விடவில்லை. எண்ணெயில் தூசி சேர்ந்தால் குண்டு ஒட்டிக்கொள்ளுமாம்.

இதற்கிடையில் தக்காளி காத்திருக்காது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா தன் ஸ்பிரேயரை டேங்கோடு அனுப்பி வைத்தார், பெட்ரோல் போட்டே. பெரியம்மா கையால் மோரும் வந்தது. அவர்களுக்கும் நன்றி.

கழற்றிய நாக்கு வகை மூடி என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. ஸ்பிரிங், கயிறு எல்லாம் நன்றாக இருக்கிறது. பிளைவீலில் கிண்ணம் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர்கள் வந்து அளந்து பார்த்துப் பொருந்தினால் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வரும்போது பிளைவீலையும் கழற்றிக் கொண்டு வந்துவிடுங்கள்.