கோட்டில் குத்தாத கொடி

ரிச்மண்ட், வர்ஜீனியா
9.11.2008

அன்புள்ள சண்முகம்,

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லையே என்று பொருமிக்கொண்டிருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பன்னீர் சொன்னான், நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்று, என் பர்ஸ் காலி.

ஒபாமா கறுப்பர் என்பதால் இங்கே எதிர்ப்பு இருந்ததா என்று கேட்டிருந்தாய். குடியுரிமை வாங்கியபின் எனக்கு இதுதான் முதல் அதிபர் தேர்தல். 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி வேட்பாளரை ஏறெடுத்தும் பார்க்காத வர்ஜீனியா இந்த முறை அவரை ஜெயிக்க வைத்திருக்கிறது. நான் இருக்கும் ஊரோ, அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைநகராக இருந்த ஊர். அவர்களுடைய தளபதி லீ இன்னமும் இங்கே மான்யுமென்ட் அவென்யூ தெருவில் சிலையாகக் குதிரைமேல்தான் இருக்கிறார்!

ஆனால் நீ நினைப்பது போல, "கறுப்பருக்கு ஓட்டுப் போட மாட்டேன்" என்று என் காதுபட இங்கே யாரும் சொல்லவில்லை. அதை விட்டு மற்ற எல்லாம் சொன்னார்கள். ஒபாமா கோட்டில் ஏன் தேசியக் கொடிச் சின்னம் குத்துவதில்லை? இப்போதுதான் நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று அவர் மனைவி பேசலாமா? அவருடைய தேவாலயப் பாதிரியார் அமெரிக்காவைச் சபித்தாரே, இவர் ஏன் அந்தத் தேவாலயத்தை அப்போதே விடவில்லை? ஏப்ரலில் தொலைக்காட்சி விவாதத்திலேயே கொடிக் கேள்வி வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புல்வெட்டும் மெஷின் இரவல் தருவாரே, அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர். "எனக்கு நிறமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த ஆளுக்கு இந்த நாட்டின் மேல் பிரியம் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார். சிக்கலே அதுதான். வெள்ளைக்காரருக்குப் பிறப்பிலேயே வந்துவிடுகிற நாட்டுப்பற்றை மற்றவர்கள் கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டும். 1989-ல் இங்கே ஆளுநர் தேர்தலில் நின்ற கறுப்பர் வைல்டர், கருத்துக்கணிப்புகளில் நன்றாகவே முந்தியிருந்தார். எண்ணி முடித்தபோது 7,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஜெயித்துத் தப்பித்தார். இந்த முறையும் அப்படிக் காலை வாரிவிடுவார்களோ என்று பயந்தேன். நல்லவேளை, இல்லை. ஆனாலும் நாடு முழுவதும் வெள்ளையர் ஓட்டில், ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கெய்ன்தான் முன்னால், நூற்றுக்கு 55-க்கு 43.

நம்ம ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? தீபாவளி விருந்தில் ஒருவர், "கறுப்பனுங்க கையில நாட்டைக் கொடுத்தா உருப்படுமா?" என்கிறார். நிறத்தில் அவர் எனக்கு அண்ணன். அவரை இங்கே வரவிட்ட 1965-ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டமே கறுப்பர்கள் அடிபட்டுப் போராடிய காலத்தில் வந்ததுதான் என்றேன். பாயசம் நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர் கறுப்பர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா கொரியப் போருக்குப் போனவர். திரும்பி வந்தபோது, ரிச்மண்டிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்குச் சீருடையோடு பஸ்ஸின் பின்வரிசையில் உட்கார்ந்து போயிருக்கிறார். முன்னால் இடம் காலியாகத்தான் இருந்ததாம். அந்த மனிதர் கடைசிவரை வீட்டில் கொடி ஏற்றவில்லை, பட்டாளத்துப் பதக்கத்தை ஒருவரையும் தொடவும் விடவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவாய், சொல்?

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்ததும், "இனிமேல் இந்த நாட்டைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் இருக்காது" என்றார். மெக்கெய்ன் தோற்ற மறுநாளே ஒபாமாவை எடுத்துத் தன் கோட்டில் குத்திக்கொண்டார்! அவருடைய சந்தேகம் தீர்ந்தாலும் மற்றவர்களுடையது தீராது போலிருக்கிறது. பிறந்த சான்றிதழைக் காட்டு என்று ஒரு கூட்டம் கோர்ட்டுக்கே போயிருக்கிறது. நாளைக்கு ஜாதகமும் கேட்பார்கள்.

சரி, பொங்கலுக்கு வர டிக்கெட் பார்க்கிறேன். பன்னீரிடம் பந்தயப் பணத்தை எடுத்துவைக்கச் சொல். மெக்கெய்ன்தான் ஜெயிப்பார் என்று எழுதியே அனுப்பியிருக்கிறான், கடிதம் பத்திரமாக இருக்கிறது.

உன்,
ராமு